பென்சில் கணக்கு

தேதியைப் பேனாவில் எழுதுவேன்,
தொகையைப் பென்சிலில்.
ரொசாரியோவில் எங்கள் தெருவில்
எல்லா வீட்டு நோட்டும் அப்படித்தான்.
திங்கட்கிழமை மாவின் விலை
வியாழக்கிழமை மாவுக்குப் பொருந்தாது.
ரப்பர் தேய்ந்து தேய்ந்து
பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது.
புதிது வாங்கலாமென்றால்
அதற்கும் ஏறியிருக்கிறது விலை.

சம்பள வெள்ளிக்கிழமைகளில்
பணம் கையிலேயே கரைந்துபோகும் முன்
எவாரிஸ்தோ செங்கல் வாங்கிவிடுவார்.
நாற்பது. முப்பது.
இளையவனுக்குக் காய்ச்சல் கண்ட ஜூலையில்
ஆறே ஆறு.
பரானா ஆற்றில் போட்டாலும்
அளந்து போடுகிற மனுஷன்.
கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில்
பதினான்கு வருஷம் வளர்ந்தது எங்கள் முதுமை,
பாசி படிந்து,
யார் வீட்டுப் பூனையோ
மூன்று ஈடு குட்டி போட்டு.

எனக்குக் கல்லில் நம்பிக்கையில்லை.
கூடுதல் நேரம் நின்று சேர்த்த காசை
டாலராக்கி
பாலித்தீனில் சுற்றி
உறைபெட்டியில் கீரைக்கட்டிக்கு அடியில் வைத்தேன்.
ஒரு ஜனவரியில், வெயில் கொளுத்தும்போது,
நாலு நாள் மின்சாரம் இல்லை.
கீரை உருகிற்று.
தாள்களின் ஓரமெல்லாம் பச்சை.

குகை என்பார்கள், டாலர் மாற்றும் அந்த இடத்தை.
உள்ளே ஏசி ஓடும். காபி தருவார்கள்.
பையன் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.
கறைக்குக் கொஞ்சம் கழிவு.
பழைய அச்சு,
படத்திலிருக்கும் கிழவரின் முகம் சின்னது,
அதற்கும் கொஞ்சம் கழிவு.
"முகம் சின்னதென்றால் நூறு நூறில்லையா?"
"நூறுதான் சென்யோரா. வாங்க ஆளில்லை."
பணத்துக்கும் வேண்டியிருக்கிறது
முகதாட்சண்யம்.
தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓய்வூதிய அலுவலகத்தில் என் எண் எழுபத்து மூன்று.
ஒப்பந்தக்காரரின் சலவைக்கூடத்தில்
ஆஸ்பத்திரித் துணி, முப்பது வருஷம்.
திரையில் இருந்தது பதினொன்று.
மற்றப் பத்தொன்பதும்
நான் வெளுத்தது வெளுப்பு,
அவர் கொடுத்தது கறுப்பு.
நோட்டுகளைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன்,
மாதம் மாதமாக,
ஒரு சம்பளம் விடாமல்.
அந்தப் பெண் பொறுமையாகத்தான் புரட்டினாள்.
"இது பென்சில்," என்றாள்.

அன்றிரவு சூப் ஆறிப்போனது.
"எவ்வளவு கல் இருக்கிறது?" என்று
முதல் முறையாகக் கேட்டேன்.
எண்ணாமலே சொன்னார்.

சிமெண்ட் கடைப் பலகையில்
இன்றைய விலை பகல் பன்னிரண்டு வரை.
பதினொன்றே முக்காலுக்குப் போய்
சின்ன முகங்களை மேசையில் அடுக்கினேன்.
கடைக்காரர் ஒன்றை முகர்ந்து பார்த்து
"கீரையா?" என்றார்.
கழித்துக்கொண்டுதான் வாங்கினார்.
போனால் போகட்டும்,
மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது மணி அடித்தது.

இப்போது கொல்லையில் ஓர் அறை,
தெருப்பக்கம் தனி வாசல்.
எட்டாம் வரிசையில் ஆறு கல் மட்டும் நிறம் வேறு.
பூச வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.
பல்மருத்துவம் படிக்கிற ஒருத்தி குடிவருகிறாள்,
சான்டா ஃபேக்கு வடக்கே ஏதோ ஊர், பெயர் மிலாக்ரோஸ்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வாடகை மாறும் என்று இழுத்தேன்.
அவளே தன் பையைத் துழாவி
பென்சிலை நீட்டினாள்.

மிச்சம் இருநூற்றுப் பதினாலு கல்.
விற்றுவிடலாம், பூனையாவது போய்த் தொலையும் என்றேன்.
எவாரிஸ்தோ தார்ப்பாயை இழுத்து மூடினார்,
நாலு மூலையிலும் பாரம் வைத்தார்.
"இருக்கட்டும்,
வயசான காலத்துக்கு ஆகும்."

வருகிற மார்ச்சில் அவருக்கு
அறுபத்தெட்டு.